பல் சொல்வதும் தாடை சொல்வதும்

மத்தியப் பிரதேசத்தின் ரீவா படுகையில் டிக்கி என்ற ஊரின் பெயரைத் தாங்கிய பாறை அடுக்குகள் இருக்கின்றன. டைனோசர்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்த டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை அவை. 2005இல் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் பி.எம். தத்தா அந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்ட ஒரே ஒரு மேல் கடைவாய்ப் பல்லை விவரித்து, டிக்கிதெரியம் கோப்பெய் என்று அதற்குப் பெயரிட்டார். பாறையின் வயதே பல்லின் வயது என்றால், அந்த உயிர் 22 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும். பாலூட்டிகளின் நெருங்கிய உறவினர்களில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று என்ற இடம் அதற்குக் கிடைத்தது. பாலூட்டிகளின் வம்சாவளியைப் பற்றிய பல நூல்களிலும் கட்டுரைகளிலும் அந்தப் பெயர் இடம்பெற்றது.

2024இல் ரஷ்ய ஆய்வாளர்கள் அலெக்சாந்தர் அவெரியானோவும் லியோனித் வோய்தாவும் அதே பல்லை மறுபடி ஆராய்ந்து வேறொரு முடிவுக்கு வந்தார்கள். அது டிரையாசிக் உயிரின் பல்லே அல்ல, நியோஜீன் காலத்து மூஞ்சூறு ஒன்றின் பல் என்றார்கள். நியோஜீன் தொடங்கி 2.3 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. எப்படியோ பழைய அடுக்கின் மண்ணோடு பின்னாளைய பல் ஒன்று கலந்துவிட்டது என்பது இதன் பொருள். ஒரு பல்லின் மதிப்பிட்ட வயதில் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகள் கழிந்து போயின.

இதை ஒருவரின் பிழையாகப் பார்ப்பது அநியாயம். தொடக்ககாலப் பாலூட்டிகளை ஆராயும் துறை எந்த நிலத்தின் மேல் நிற்கிறது என்பதை இந்தப் பல் காட்டுகிறது. அந்த உயிர்களில் பெரும்பாலானவை எலி, மூஞ்சூறு அளவுடையவை. அவற்றின் எலும்புகள் எளிதில் நொறுங்கிவிடும். எஞ்சுவது பல். எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள் என்பதால் பல் மட்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளைத் தாண்டி வருகிறது. களிமண் படிவை மூட்டை மூட்டையாக எடுத்துவந்து, காயவைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தண்ணீரில் நுண்சல்லடை வழியாக அலசி, மிஞ்சிய துகளை நுண்ணோக்கியின் கீழே கொட்டி ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். டன் கணக்கில் மண் அலசினால் சில பற்கள் கிடைக்கும். சில சமயம் ஒன்றுகூடக் கிடைக்காது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த ஒன்றை வைத்து ஓர் உயிரின் உறவுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழி இருப்பதில்லை.

ஆனால் பாலூட்டிகளின் உறவுமுறையில் கடந்த இருநூறு ஆண்டுகளில் நடந்த பெரிய தடுமாற்றங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஒற்றை உறுப்பின் மேல், ஒற்றை அடையாளத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிய இடங்களில்தான் வகைப்பாடு சரிந்திருக்கிறது. அந்த ஒற்றை அடையாளம் மிகப் பெரும்பாலும் பல்லாக இருந்திருக்கிறது.

டைனோசர்கள் அழிந்த பிறகே பாலூட்டிகள் தோன்றின என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையில் இந்த வம்சத்தின் வரலாற்றில் மூன்றில் இரண்டு பங்கு டைனோசர்களின் காலத்திலேயே கழிந்தது. 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மூஞ்சூறு போன்ற உருவங்கள் இரவில் பூச்சி தேடித் திரிந்தன. டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தபோது, பாலூட்டி வம்சம் நீந்தவும் மண் தோண்டவும் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கவும் ஏற்கெனவே கற்றிருந்தது. சீனாவின் ஜுராசிக் படிவுகளில் கிடைத்த காஸ்டரோகௌடா நீர்நாய் போல நீந்தியது, தட்டையான வால் அதற்கு இருந்தது. கிரெட்டேசியஸ் காலத்து ரெப்பனோமாமஸ் ஒன்றின் வயிற்றுப் பகுதியில் குட்டி டைனோசரின் எலும்புகள் இருந்தன.

இந்தப் பழமையை முதலில் ஏற்றுக்கொள்வதே கடினமாக இருந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் கூரைக்கான கல் வெட்டிய சுரங்கங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில சிறு தாடைகள் கிடைத்தன. 1818இல் ஆக்ஸ்போர்டு வந்த ஜார்ஜ் கூவியே அவற்றைப் பார்த்து, ஒப்போசம் போன்ற பைப்பாலூட்டியின் தாடை என்றார். 1824இல் வில்லியம் பக்லாண்ட் முதல் டைனோசரான மெகலோசாரஸை உலகுக்கு அறிவித்த அதே கட்டுரையில் இந்தத் தாடைகளையும் குறிப்பிட்டார். ஊர்வனவற்றின் யுகம் என்று கருதப்பட்ட காலத்தில் பாலூட்டியா என்று பலர் திகைத்தார்கள். 1838இல் பிரெஞ்சு விலங்கியலாளர் தெ பிளேன்வில், அவை ஊர்வனவற்றின் தாடைகளே என்று வாதிட்டார். ரிச்சர்ட் ஓவன் அதை மறுத்தார். அவர் வாதம் இரண்டு அடையாளங்களைச் சார்ந்திருந்தது: பற்களுக்கு இரட்டை வேர்கள் இருந்தன, தாடை ஒரே எலும்பால் ஆனது. இந்த இரண்டாவது அடையாளம் இன்றுவரை துறையின் மையத்தில் நிற்கிறது, அதனால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பல்லியின் கீழ்த்தாடையைப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பல எலும்புகள் வரும். பற்களைத் தாங்குவது டென்டரி என்ற முன் எலும்பு. அதற்குப் பின்னால் சிறு எலும்புகள் கோத்து நிற்கும். அவற்றில் கடைசியில் இருக்கும் ஆர்ட்டிகுலர், மண்டையோட்டின் குவாட்ரேட் எலும்போடு பொருந்துவதுதான் பல்லியின் தாடை மூட்டு. நமக்குக் கீழ்த்தாடை முழுவதும் டென்டரி ஒன்றே. அது மண்டையோட்டின் பொட்டுப் பகுதியில் உள்ள ஸ்குவமோசல் எலும்போடு நேரடியாகப் பொருந்துகிறது. பழைய மூட்டின் இரண்டு எலும்புகளும் எங்கே போயின? அவை நடுச்செவிக்குப் போயின. ஆர்ட்டிகுலர் நம் சுத்தி எலும்பாகவும், குவாட்ரேட் பட்டடை எலும்பாகவும் மாறியிருக்கின்றன. அங்கவடி எலும்பு மட்டும் ஊர்வனவற்றுக்கும் செவியிலேயே இருந்தது.

இதை முதலில் கண்டவர் பன்றிக் கருக்களை ஆராய்ந்த ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் ரெய்ச்செர்ட். ஆண்டு 1837, டார்வினின் நூல் வருவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்பு. கருவில் சுத்தி எலும்பு தாடைக் குருத்தெலும்பின் பின்நுனியில் உருவாகி, பிறகு பிரிந்து செவிக்குள் நகர்வதை அவர் பார்த்தார். ஒப்போசம் குட்டியிடம் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். கரு முதிரும் முன்பே அது பிறந்துவிடுகிறது. பிறந்த சில வாரங்களுக்கு அதன் டென்டரி மூட்டு உருவாகியிருப்பதில்லை. தாயின் முலைக்காம்பைப் பற்றிப் பால் குடிக்கும் அந்த வாய், பிற்பாடு செவி எலும்புகளாகப் போகும் அந்தப் பழைய மூட்டைச் சார்ந்தே இயங்குகிறது. 20 கோடி ஆண்டு வரலாறு சில வார வளர்ச்சிக்குள் கண் முன்னே நடக்கிறது. உயிரியலில் இதைவிட அழகான ஒரு சான்று எனக்குத் தெரியாது.

கருவில் நடப்பது பாறையிலும் இருக்க வேண்டும் அல்லவா? இரண்டு மூட்டும் ஒரே தாடையில் வேலை செய்த ஓர் உயிர் இருந்திருக்க வேண்டும். அது கிடைத்தது வேல்ஸில். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி பிரிட்டனில் அடைக்கலம் புகுந்த வால்டர் கூனே, சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் அடைந்து கிடந்த பழைய மண்ணில் சிறு முதுகெலும்பிகளைத் தேடுவதில் தேர்ந்தவர். போர்க்காலத்தில் ஜெர்மானியர் என்பதற்காக அவரை மான் தீவில் அடைத்து வைத்தார்கள். விடுதலையான பிறகும் அவர் தேடலை விடவில்லை. 1949இல் கிளமோர்கன் பகுதியின் ஒரு கல் குவாரியிலிருந்து கிடைத்த பல்லுக்கு மோர்கனுகோடான் வாட்சனி என்று பெயரிட்டார். பிறகு கென்னத் கெர்மாக்கும் பிரான்செஸ் மஸெட்டும் அதே பகுதியின் பிளவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான துண்டுகளைச் சேர்த்தார்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்து லூஃபெங்கில் 1948இல் கிடைத்த ஒரு மண்டையோட்டை 1963இல் ஹெரால்ட் ரிக்னி விவரித்தபோது, அது வேல்ஸ் உயிரின் நெருங்கிய இனம் என்பது தெளிவானது. அது மோர்கனுகோடான் ஓலெரி.

மோர்கனுகோடானின் தாடையில் இரண்டு மூட்டுகளும் அருகருகே இருந்தன. டென்டரியின் பின்பகுதியில் உட்புறமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. பழைய சிறு எலும்புகள் அதில் படுத்திருந்தன. இன்று ஒரு ஜுராசிக் தாடைத் துண்டு கிடைத்தால், பல்லைப் பார்ப்பதற்கு இணையாக அந்தப் பள்ளம் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். பள்ளம் இருந்தால் செவி எலும்புகள் இன்னும் தாடையோடு ஒட்டியிருந்தன என்று பொருள்.

மோர்கனுகோடானின் பற்கள் நம்முடையதைப் போல ஒருமுறைதான் விழுந்து முளைத்தன. பாறையில் பால் மிஞ்சாது. ஆனால் குட்டிக்குப் பல் வரத் தாமதமாகி, பிறகு பால்பல், நிலைப்பல் என இரண்டே தொகுதிகள் வருகின்றன என்றால், தொடக்கத்தில் அது வேறெதையோ குடித்து வளர்ந்தது என்று ஊகிக்க இடமிருக்கிறது. அதே லூஃபெங்கில் கிடைத்த சினோகோனோடானுக்கும் புதிய தாடை மூட்டு இருந்தது, ஆனால் அதன் பற்கள் ஊர்வனவற்றின் பாணியில் பலமுறை விழுந்து முளைத்தன. மூட்டு ஒரு கட்டத்தில் வந்தது, பல் மாறும் முறை வேறொரு கட்டத்தில் வந்தது. உடலின் வெப்ப இயக்கம் இன்னும் தாமதித்திருக்கலாம். 2020இல் எலிஸ் நியூஹாம் குழுவினர் மோர்கனுகோடானின் பல் வேர்களைச் சுற்றியுள்ள ஆண்டு வளையங்களை சின்க்ரோட்ரான் எக்ஸ்ரே கதிர்களால் எண்ணினார்கள். அந்தச் சிற்றுயிர் 14 ஆண்டுகள் வரை வாழ்ந்திருக்கிறது. இன்றைய மூஞ்சூறு ஓரிரண்டு ஆண்டுக்கு மேல் தாங்காது. இவ்வளவு நீண்ட ஆயுள் மெதுவாக எரியும் உடலைக் காட்டுகிறது, ஊர்வனவற்றுக்கு நெருக்கமான உடலை.

அப்படியானால் மோர்கனுகோடான் பாலூட்டியா?

இந்தக் கேள்விக்கு நீண்ட காலம் சொல்லப்பட்ட பதில், டென்டரி மூட்டு இருந்தால் பாலூட்டி என்பது. வசதியான கோடு, பாறையிலும் பார்க்க முடியும். ஆனால் அந்தக் கோட்டைப் பலமுறை, பல வம்சங்கள் தனித்தனியே தாண்டியிருக்கலாம் என்று ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1959இல் எழுதினார். அன்றைய பலரின் கருத்தும் அதுதான்: பிளாட்டிபஸ் ஒரு வழியாக வந்தது, நாம் வேறு வழியாக வந்தோம், பாலூட்டி என்பது வெவ்வேறு ஆறுகள் எட்டிய ஒரே மட்டம். கெர்மாக் போன்றவர்கள் இதற்கு மண்டையோட்டில் சான்று கண்டார்கள். மூளைப் பெட்டியின் பக்கச் சுவர் பிளாட்டிபஸிலும் மோர்கனுகோடானிலும் பெட்ரோசல் எலும்பின் நீட்சியால் ஆனது, பைப்பாலூட்டிகளிலும் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளிலும் அலிஸ்பீனாய்ட் என்ற வேறு எலும்பால் ஆனது. ஆகவே இரண்டு பெரும் கிளைகள், முட்டையிடும் பிளாட்டிபஸ் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

அந்தக் கட்டடம் ஒரு கருவியல் ஆய்வால் ஆட்டம் கண்டது. 1981இல் ஆர். பிரெஸ்லி, பக்கச் சுவரின் அந்தப் பகுதி எல்லாப் பாலூட்டிகளிலும் ஒரே சவ்விலிருந்து தனியாக எலும்பாகி, பிறகு அண்டையில் இருக்கும் ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொள்கிறது என்று காட்டினார். எதனோடு ஒட்டுகிறது என்பதில் மட்டுமே வேறுபாடு. இரண்டு பெரும் கிளைகளைப் பிரிக்க அது போதாது. ஒற்றை எலும்பைப் பிடித்து உலகை இரண்டாகப் பிரித்த ஒரு வகைப்பாடு, அந்த எலும்பின் பிறப்பைப் பார்த்ததும் வலுவிழந்தது.

1988இல் டிமோதி ரோ கேள்வியையே மாற்றினார். எந்த உறுப்பும் எல்லையாக வேண்டாம் என்றார். இன்று உயிரோடிருக்கும் பிளாட்டிபஸ், கங்காரு, மனிதர் ஆகிய எல்லோருக்கும் கடைசியாக ஒரு பொது மூதாதை இருந்திருக்கும். அந்த மூதாதையும் அதன் எல்லா வழித்தோன்றல்களும் சேர்ந்தால் பாலூட்டி, அதற்கு வெளியே நிற்பவை நெருங்கிய உறவுகள், அவ்வளவுதான். இந்த வரையறையின்படி மோர்கனுகோடான் பாலூட்டி அல்ல, பாலூட்டிக்கு மிக அருகிலுள்ள கிளை. போலந்தின் ஸோபியா கீலன்-யாவொரோவ்ஸ்கா இதை ஏற்கவில்லை. நாஜி ஆக்கிரமிப்பில் வார்சாவில் மறைவாக நடந்த பல்கலைக்கழக வகுப்புகளில் படித்தவர் அவர். பிறகு கோபி பாலைவனத்துக்கு போலந்து–மங்கோலியப் பயணங்களை வழிநடத்தி, கிரெட்டேசியஸ் பாலூட்டிகளின் அரிதினும் அரிதான மண்டையோடுகளைச் சேர்த்தவர். ரிச்சர்ட் சிஃபெல்லி, லுவோ ஜெஷி ஆகியோருடன் அவர் 2004இல் எழுதிய பெருநூல், டைனோசர் காலப் பாலூட்டிகளைப் பற்றி இன்றும் எல்லோரும் முதலில் புரட்டும் நூல். அதில் மோர்கனுகோடான் பாலூட்டிதான்.

என் பார்வையில் ரோவின் பக்கமே நியாயம் கூடுதலாக இருக்கிறது. தாடை மூட்டு, செவி எலும்பு, முடி, பால் எல்லாம் ஒரே நாளில் வந்தவையல்ல. எதை எல்லைக் கல்லாக நட்டாலும் அது நம் விருப்பம் மட்டுமே. பொது மூதாதை என்பது மட்டும் நம் விருப்பத்தைச் சாராத ஒரு நிகழ்வு. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: உயிரினங்களின் உறவு மரத்தை மாற்றினால், யார் பாலூட்டி, யார் அல்ல என்பதும் கூடவே மாறிவிடும். அந்த மரமோ இன்னும் நிலைக்கவில்லை.

நிலைக்காததற்கு முதற்காரணம் நம் கடைவாய்ப் பல். பைப்பாலூட்டிகளும் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளும் தொடங்கியது டிரைபோஸ்பீனிக் என்று சொல்லப்படும் பல்லோடு. கீழ்ப்பல்லின் முன்பகுதியில் வெட்டும் முக்கோண முனைகள், பின்பகுதியில் ஒரு குழி. மேல்பல்லின் ஒரு முனை அந்தக் குழியில் இறங்கும், உரலில் உலக்கை இறங்குவதைப் போல. வெட்டவும் இடிக்கவும் ஒரே பல் போதும். இவ்வளவு சிக்கலான ஏற்பாடு ஒருமுறைதான் தோன்றியிருக்கும், அதுவும் வட கண்டங்களில் என்று வெகுகாலம் நம்பப்பட்டது.

1997இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையில் கிடைத்த ஆஸ்க்ட்ரிபோஸ்பீனோஸ் என்ற தாடையில் அதே உரல்–உலக்கைப் பல் இருந்தது. வயது 11 கோடி ஆண்டுக்கும் மேல். தாமஸ் ரிச் குழுவினர் இது நஞ்சுக்கொடிப் பாலூட்டி, முள்ளெலிக்கு உறவாகக்கூட இருக்கலாம் என்றார்கள். ஆனால் அன்றைய ஆஸ்திரேலியா தென் கண்டமான கோண்டுவானாவின் பகுதி; அங்கே நஞ்சுக்கொடிப் பாலூட்டி இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போயிற்று? 1999இல் மடகாஸ்கரில் ஜான் ஃப்ளின் குழு அம்பொண்ட்ரோ என்ற, மூன்றே பற்கள் உள்ள ஒரு தாடைத் துண்டை அறிவித்தது. அதன் வயது 16.7 கோடி ஆண்டுகள், வடக்கில் அப்போது தெரிந்திருந்த இதே வகைப் பற்களைவிட 2.5 கோடி ஆண்டுகள் பழையது. நம்பிக்கை தலைகீழானது.

2001இல் லுவோ, சிஃபெல்லி, கீலன்-யாவொரோவ்ஸ்கா மூவரும் ஒரு துணிச்சலான விடை சொன்னார்கள். உரல்–உலக்கைப் பல் இருமுறை, தனித்தனியே தோன்றியது. வடக்கில் நம் வம்சத்தில் ஒருமுறை. தெற்கில் ஆஸ்திரேலோஸ்பெனிடா என்று அவர்கள் பெயரிட்ட வம்சத்தில் இன்னொருமுறை. தெற்கு வம்சத்தில் எஞ்சியவை பிளாட்டிபஸும் எக்கிட்னாவும். வயது வந்த பிளாட்டிபஸுக்குப் பல்லே கிடையாது என்பதால் இது நம்ப முடியாததாகத் தோன்றலாம். ஆனால் நியூ சவுத் வேல்ஸின் லைட்னிங் ரிட்ஜ் ஓபல் சுரங்கத்தில் கிடைத்து 1985இல் விவரிக்கப்பட்ட ஸ்டெரோபோடான் தாடையைப் பார்த்தால் சந்தேகம் தளரும். எலும்பும் பல்லும் முழுவதுமாக ஓபலாக மாறி நீலம் பச்சையாக மின்னும் அந்தத் தாடையில், மூன்று கடைவாய்ப் பற்கள் தெளிவாக இருக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய பிளாட்டிபஸ் உறவு அது.

ரிச் இரட்டைத் தோற்றத்தை ஒப்பவில்லை. 2022இல் டிம் ஃப்ளானரியும் அவரும் பிறரும் சேர்ந்து, தென் கண்டமே நம் வம்சத்தின் பிறப்பிடம் என்று எழுதினார்கள். இதற்கிடையில் சீனாவின் சிச்சுவானில் கிடைத்து 1982இல் பெயர் பெற்ற ஷுவோதெரியம் இன்னொரு குழப்பத்தை வைத்திருந்தது. அதன் கீழ்ப்பல்லில் குழி முன்னால், வெட்டும் முனைகள் பின்னால். எல்லாம் இருக்கிறது, வரிசை மட்டும் தலைகீழ். நெடுநாள் அதை ஆஸ்திரேலோஸ்பெனிடாவின் உறவு என்றார்கள். 2024இல் சீனாவிலிருந்து முழு எலும்புக்கூடுகளோடு வெளியான ஆய்வு, ஷுவோதெரியம் குழு டோக்கோடான்ட்களுக்கு, அதாவது காஸ்டரோகௌடாவின் வட்டத்துக்கு நெருக்கமானது என்றது. குழியும் முனையும் சேர்ந்த பல் ஒருமுறைதான் தோன்ற முடியும் என்ற நம்பிக்கையை இனி யாரும் எளிதாகப் பிடித்துக்கொள்ள முடியாது. தின்னும் பூச்சியும் இலையும் ஒரே மாதிரி இருக்கும்போது, பற்களும் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன.

சரி, பல்லை நம்ப முடியாது. செவி எலும்பையாவது நம்பலாமா? 2005இல் ரிச், ஜேம்ஸ் ஹாப்சன் முதலியோர், 11 கோடி ஆண்டுக்கும் முந்தைய டெய்னோலோஃபோஸ் என்ற பிளாட்டிபஸ் உறவின் தாடையில் செவி எலும்புகள் படுக்கும் பள்ளம் இருந்ததாகச் சொன்னார்கள். அது சரியென்றால், பிளாட்டிபஸ் வம்சம் நம்மிடமிருந்து பிரிந்து வெகுகாலம் ஆன பிறகும் அதன் செவி தாடையிலேயே ஒட்டியிருந்தது. செவி எலும்புகள் முழுதாகப் பிரிந்தது இருமுறையாவது நடந்திருக்க வேண்டும். 2007இல் சீனாவின் யானோகோனோடானும் 2011இல் லியாவோகோனோடானும் இடைநிலையைக் கண்ணால் காட்டின. செவி எலும்புகள் தாடையை விட்டு விலகியிருந்தன, ஆனால் எலும்பாகிப்போன ஒரு குருத்தெலும்புக் கம்பி அவற்றைத் தாடையோடு இன்னும் பிணைத்திருந்தது. ரெய்ச்செர்ட் பன்றிக் கருவில் பார்த்த அதே குருத்தெலும்பு.

இந்தக் குழப்பத்தின் உச்சம் 2013 ஆகஸ்ட். நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் ஹராமியிடன்கள் எனப்படும் குழுவின் இரண்டு எலும்புக்கூடுகள் வெளிவந்தன. இரண்டும் சீனாவின் ஜுராசிக் படிவுகளிலிருந்து வந்தவை. ஹராமியிடன்கள் நெடுங்காலமாகத் தனிப்பற்களால் மட்டும் அறியப்பட்டவை, இரு வரிசை மேடுகள் கொண்ட அரைக்கும் பற்கள். கிரெட்டேசியஸ் காலத்தில் எங்கும் பரவி, கொறிப்பான்களைப் போல வாழ்ந்த மல்டிட்யூபர்குலேட்களின் பற்களுக்கு அவை நெருங்கி வருகின்றன. மெங் ஜின் உள்ளிட்ட குழு ஆர்போரோஹராமியாவை ஆராய்ந்து, ஹராமியிடன்களும் மல்டிட்யூபர்குலேட்களும் ஒரே குடும்பம், பாலூட்டி மரத்துக்கு உள்ளே என்றது. லுவோ உள்ளிட்ட குழு மெகாகோனஸை ஆராய்ந்து, ஹராமியிடன்கள் மரத்துக்கு வெளியே, பல் ஒற்றுமை தற்செயல் என்றது. முதல் முடிவு சரியென்றால், ஹராமியிடன்கள் டிரையாசிக்கிலேயே இருந்ததால், நம் பொது மூதாதை 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டாவது சரியென்றால் ஜுராசிக்குக்கு இறங்கி வருகிறது. 2015இல் லுவோவும் மற்றவர்களும் கிரீன்லாந்தில் கிடைத்த ஹராமியாவியாவின் தாடையை சி.டி. ஸ்கேன் செய்து, அதில் மோர்கனுகோடானைப் போன்ற பள்ளம் இருப்பதைக் காட்டினார்கள். பல் ஒரு பக்கம் இழுத்தது, தாடை இன்னொரு பக்கம் இழுத்தது. மெங் தரப்பு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குத் தாடையின் சாட்சியே வலுவாகப் படுகிறது. ஆனால் செவியே இருமுறை பிரிந்திருக்கக்கூடும் என்ற நிலையில், அதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

இந்தியாவின் பங்கு இங்கேதான் முக்கியமாகிறது. ஜுராசிக் காலத்தில் மடகாஸ்கரோடும் ஆப்பிரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்த நிலம் நம்முடையது. பிராணஹிதா–கோதாவரிப் படுகையின் கோட்டா படிவில் பராபாசாரஸ் என்ற பெருந்தாவர உண்ணி டைனோசர் கிடைத்த அடுக்குகளோடு தொடர்புடைய மண்ணில் சிறு பற்களும் இருந்தன. 1981இல் தத்தா விவரித்த கோட்டாதெரியம் ஹால்டேனி, இந்தியாவின் முதல் ஜுராசிக் பாலூட்டி. இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேஸ்வரில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேனின் பெயரை அது தாங்குகிறது. பிறகு பி. யாதகிரி இந்தோதெரியம், திரிசூலோதெரியம் முதலியவற்றையும், ஜி.வி.ஆர். பிரசாத்தும் மன்ஹாஸும் மேலும் சிலவற்றையும் விவரித்தார்கள். பழைய அடிலாபாத் மாவட்டத்துப் பைக்காசிகூடம் இந்தத் துறையில் உலகம் முழுதும் தெரிந்த ஊர்ப்பெயர். ஆனால் இவை பெரும்பாலும் தனிப்பற்களே. ஒரே பல்லை ஒருவர் ஒரு குடும்பத்திலும் இன்னொருவர் வேறு குடும்பத்திலும் வைக்கிறார்கள். உட்புறப் பள்ளத்தைக் காட்டும் ஒரு முழுத் தாடை கோட்டா படிவிலிருந்து வந்தால், தெற்கு வம்சம் பற்றிய வழக்கில் அது எந்தச் சீன எலும்புக்கூட்டுக்கும் குறையாத சாட்சியாக இருக்கும்.

தெற்கில் ஒரு முழு எலும்புக்கூடு எவ்வளவு மாற்றும் என்பதற்கு மடகாஸ்கரின் அடலாதெரியம் எடுத்துக்காட்டு. கோண்டுவானாதெரியன்கள் என்ற தென் கண்டக் குழுவை முதலில் தென் அமெரிக்காவின் உயரமான பற்களைக் கொண்டுதான் அறிந்தார்கள். பற்களைப் பார்த்துச் சிலர் அவற்றை எறும்புண்ணி, ஸ்லாத் வகைகளின் உறவு என்றுகூட நினைத்தார்கள். இந்தியாவிலும் டெக்கான் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையிலான படிவுகளில் இதே வகைப் பல் கிடைத்தது, அதற்கு பாரத்தெரியம் என்று பெயர். டேவிட் கிராஸ் குழுவினர் 2014இல் வின்டானா என்ற மண்டையோட்டையும், 2020இல் சுமார் மூன்று கிலோ எடையுள்ள அடலாதெரியத்தின் ஏறக்குறைய முழு எலும்புக்கூட்டையும் வெளியிட்டார்கள். கோண்டுவானாதெரியன்கள் மல்டிட்யூபர்குலேட்களுக்கு அருகில் நிற்கும் ஒரு தனிக் கிளை என்ற முடிவு வலுப்பெற்றது. பல்லால் மட்டும் அறிந்திருந்தால் இது இவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்காது. அடலாதெரியத்தின் கடைவாய்ப் பல் வேறெந்தப் பாலூட்டிக்கும் ஒத்துவராத வடிவம்.

அதே டெக்கான் படிவுகள் உள்ள நஸ்கல் என்ற தெலங்கானா ஊரில் கிடைத்து, 1988இல் பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் விவரித்த டெக்கானோலெஸ்டெஸ் வேறு திசையைக் காட்டுகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா கடலில் தனியாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது இங்கே வாழ்ந்த சிற்றுயிர் அது. பல்லோடு கூடக் கணுக்கால் எலும்புகளும் கிடைத்தன. 1994இல் மார்க் கோடினோவும் பிரசாத்தும் அந்தக் கணுக்காலை ஆராய்ந்து, மரத்தில் ஏறி இறங்கிய உயிர் என்றார்கள். கைகால் எலும்புகளின் சில அடையாளங்கள் குரங்கு, மர மூஞ்சூறு ஆகியவற்றின் வட்டத்தை நினைவூட்டின. நம் சொந்த வரிசையின் தொடக்கம் இந்தியத் தீவிலா என்று ஆவலோடு எழுதப்பட்டது. 2011இல் அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் பல்லையும் எலும்பையும் நூற்றுக்கணக்கான அடையாளங்களோடு சேர்த்து ஒப்பிட்டபோது வேறு விடை வந்தது. டெக்கானோலெஸ்டெஸும், ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பின்னர் வாழ்ந்த அடாபிசோரிகுலிட்களும் ஒரே குழு. அந்தக் குழு இன்றைய நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் பொது மூதாதைக்கு முன்பே பிரிந்த கிளை. மரமேறும் கணுக்கால் குரங்குகளின் தனிச்சொத்து இல்லை. ஆனால் கடலால் சூழப்பட்டிருந்த ஒரு நிலத்தில் அதன் மூதாதையர் எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள், இங்கிருந்து ஆப்பிரிக்கா போனார்களா, அங்கிருந்து இங்கே வந்தார்களா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. நஸ்கலின் படிவுக்கும் கோட்டாவின் படிவுக்கும் இடையே பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. இந்தியப் பாலூட்டிகளின் வரலாற்றில் மிக நீண்ட வெற்றிடம் அது. அந்தக் கேள்விகளுக்கான விடை இருப்பதும் அதற்குள்தான்.